ஒன்றாம் வகுப்புக்கு முன்பே ஒற்றைக் கண்ணை மூடிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் இந்தக் கடற்கரையில் கண் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊர்க்காரர்கள் "டாக்டரம்மா" என்று கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை. பார்வைப் பலகையும் டார்ச் லைட்டும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்தவள், அவ்வளவுதான்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடக்கே எஸ்.பி.பட்டினம் தொடங்கி தெற்கே நரிப்பையூர் வரை, தீவுப் பக்கம் இராமேசுவரம் கடைசி வரை, நான்கு வயது முடிந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கண்ணை மறைத்து மறு கண்ணின் பார்வையைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். வலது கண் இவ்வளவு, இடது கண் இவ்வளவு என்ற இரண்டு எண்ணும் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்திலேயே இருக்க வேண்டும். குறை தெரிந்த பிள்ளைக்குச் சிகிச்சை பாதியில் நிற்காமல் இருக்க ஊரிலேயே ஆள் வேண்டும். இதற்கு ஓர் உத்தரவு போடுங்கள்.

சோம்பேறிக் கண், மந்தக்கண் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். மருத்துவத்தில் ஆம்ப்ளியோபியா. நூறு பிள்ளைகளில் ஒன்றிலிருந்து நான்கு பேர் வரை இது இருக்கும் என்பது பல நாட்டு ஆய்வுகளின் கணக்கு. குழந்தையின் ஒரு கண்ணில் மட்டும் பவர் கூடுதலாக இருந்தாலோ, ஒரு கண் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருந்தாலோ, பிறவிப் புரையோ சரிந்த இமையோ ஒரு கண்ணை மறைத்தாலோ, அந்தக் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் படம் மங்கிவிடுகிறது, அல்லது மற்றக் கண்ணின் படத்தோடு ஒட்டாமல் போகிறது. மூளை தெளிவான கண்ணை வைத்துக்கொண்டு மற்றதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. வருடங்கள் போகப்போக அந்தக் கண்ணுக்குரிய பார்வைப் பாதை வளராமலே நின்றுவிடும். அதற்கப்புறம் அளவெடுத்துக் கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியாது. கண் டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் விழித்திரை நன்றாக இருக்கும், நரம்பும் நன்றாக இருக்கும். "கண்ணுல ஒண்ணும் இல்லையே" என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகள் உண்டு. கண்ணில் ஒன்றும் இல்லைதான். பார்க்கப் பழக வேண்டிய வயதில் மூளை அந்தக் கண்ணோடு பழகவில்லை.

ஹூபெல், வீசெல் என்ற இரு விஞ்ஞானிகள் 1960-களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையை மட்டும் சில மாதம் மூடிவைத்துப் பார்த்தார்கள். திறந்த பிறகு கண்ணுக்கு ஒரு சேதமும் இல்லை. மூளையில்தான் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தன. வளர்ந்த பூனைக்கு அதே மாதிரி மூடினால் அப்படி ஆகவில்லை. 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிள்ளையின் கண்ணுக்கும் அப்படி ஒரு பருவம் இருக்கிறது. ஏழு வயதுக்குள் பிடித்தால் நன்றாகத் திரும்பும், அதற்கப்புறம் ஏற ஏறக் கடினம்.

இப்போது நம் திட்டங்களுக்கு வருகிறேன். கண்ணொளி காப்போம் திட்டம் 2009-ல் வந்தபோது நான் சந்தோஷப்பட்டவள். எத்தனையோ பிள்ளைகளுக்கு அதில் கண்ணாடி கிடைத்தது, இன்றும் கிடைக்கிறது. ஆனால் அது ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது. பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் பள்ளிப் பரிசோதனையும் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் முதலில் வகுக்கப்பட்டது. கிட்டப்பார்வைக்கு அந்த வயது சரி, பெரும்பாலும் அப்போதுதான் அது தலைகாட்டும். மந்தக்கண்ணுக்கு ஆறாம் வகுப்பு என்பது பந்தி முடிந்தபின் இலை போடுகிற கதை. 2013-ல் வந்த தேசிய குழந்தைகள் நலத் திட்டம் இதை உணர்ந்திருக்கிறது. குழந்தைகள் மையத்துக்கு, அதாவது அங்கன்வாடிக்கு, வருடத்தில் இருமுறை மருத்துவக் குழு போக வேண்டும், பார்வையையும் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. குழு வருவதும் உண்மை. எடை, உயரம், பல், காது, தோல், இரத்தசோகை, இதயம் என்று ஒரு காலைப் பொழுதில் முப்பது பிள்ளைகளைப் பார்க்கும் குழு, துள்ளுகிற நாலு வயதுப் பிள்ளையின் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடி வரி வரியாகக் கேட்க எங்கே நேரம் வைத்திருக்கும்? கண் நேராக இருக்கிறதா, வெள்ளையாக ஏதும் தெரிகிறதா என்று பார்த்து எழுதிவிட்டுப் போவார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அந்த அவசரம் தெரியும்.

ஆனால் மந்தக்கண் உள்ள பிள்ளைகளில் பெரும்பகுதிக்குக் கண் பார்ப்பதற்கு நேராக, அழகாகவே இருக்கும். ஒரு கண்ணில் மட்டும் பவர் உள்ள பிள்ளை தடுமாறாது, புத்தகத்தை முகத்துக்கு அருகில் கொண்டுபோகாது, தலை வலிக்கிறது என்று சொல்லாது. நல்ல கண் எல்லா வேலையையும் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் தாய்மார்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். தேவிபட்டினம் பக்கத்தில் ஒரு மையத்தில் பார்த்த ஐந்து வயதுப் பெண் குழந்தை. இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக் கடைசி வரி வரை கை காட்டினாள். இடது கண்ணை மூடினேன், அப்போதும் சரியாகவே காட்டினாள். வலது கண்ணை மூடினதும் என் கையைத் தட்டிவிட்டாள். மறுபடி மூடினேன். தலையை ஒருபக்கமாகச் சாய்த்து விரல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். பஞ்சு வைத்து ஒட்டியபோது அழ ஆரம்பித்தாள். மேலே இருந்த பெரிய எழுத்தைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை. அவள் அம்மா நம்பவே இல்லை. "என்னம்மா சொல்றீங்க, வலைக்குள்ள கெடக்குற ஊசியக்கூட எம்புள்ளதான் எடுத்துக் குடுப்பா!" என்றார். எடுத்திருப்பாள், வலது கண்ணால்.

எந்தக் கண்ணை மூடினால் பிள்ளை எதிர்க்கிறது என்பதே பாதிச் சோதனை. இது வீட்டில் தாயும் செய்து பார்க்கக்கூடியது. மையப் பணியாளருக்கு இன்னும் கொஞ்சம் சொல்லித்தர வேண்டும். உள்ளங்கையால் மூடினால் பிள்ளை எப்படியும் எட்டிப் பார்க்கும், ஆகவே பஞ்சும் காகித ஒட்டுப்பட்டையும் வேண்டும். பலகையை மூன்று மீட்டரில் வைத்தால் சின்னப் பிள்ளையின் கவனம் நிற்கும். எழுத்து தெரியாத வயதுக்கு, ஆங்கில E எழுத்தைப் பல பக்கம் திருப்பிப் போட்ட ஈ சார்ட் இருக்கிறது, மூன்று கால் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பிள்ளை விரலை நீட்டிக் காட்டினால் போதும். ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் என்று படம் போட்ட பலகையும் உண்டு. முக்கியமான ஒன்று: எழுத்தை ஒற்றை ஒற்றையாக அட்டையில் எடுத்துக் காட்டக் கூடாது. மந்தக்கண்ணுக்கு ஒற்றை எழுத்து தெரிந்துவிடும். அதே எழுத்து நான்கு எழுத்துக்கு நடுவே வரிசையில் நின்றால் குழம்பிவிடும். அட்டையில் காட்டிச் சோதித்து "நார்மல்" என்று எழுதப்பட்ட பிள்ளைகளை நான் வரிசையில் காட்டிக் கண்டுபிடித்திருக்கிறேன். இரண்டு கண்ணுக்கும் நடுவே இரண்டு வரி வித்தியாசம் இருந்தாலே டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டும். ஐந்து வயதில் எந்தக் கண்ணிலாவது பலகையில் 6/12 என்று குறித்திருக்கும் வரி தெரியவில்லை என்றாலும் அனுப்ப வேண்டும். ஒரு மீட்டர் தூரத்தில் நின்று படம் எடுப்பதுபோலச் சில நொடியில் பவர் வித்தியாசத்தைச் சொல்லும் கையடக்கக் கருவிகளும் வந்துவிட்டன. ஒன்றியத்துக்கு ஒன்று கிடைத்தால் நல்லது. கிடைக்கும்வரை பஞ்சும் பலகையும் போதும்.

சோதனைக்குப் பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்குகிறது. நான் இந்த மடலை எழுதுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

முதல் சிகிச்சை கண்ணாடி. சின்னப் பிள்ளைக்கு மருந்து போட்டு, கண்மணியை விரித்து அளவெடுத்தால்தான் உண்மையான பவர் தெரியும். சொட்டு மருந்தோ களிம்போ போட்டால் வெயிலில் கூசும், அட்ரோபின் என்றால் ஒரு வாரத்துக்கு மேலும் கிட்டத்தில் மங்கலாக இருக்கும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் "ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் கண்ணு கெட்டுச்சு" என்று ஊர் பேசும். சரியான கண்ணாடியை நாள் முழுக்கப் போட்டாலே பலருக்குப் பார்வை ஏறத் தொடங்கும். ஒரு கண்ணில் மட்டும் பவர் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குக் கண்ணாடியே முழு மருந்தாகிவிட்டது என்று 2006-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. அதற்கு மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். இங்கேயோ இரண்டாம் வாரமே கண்ணாடி பீரோவுக்குள் போய்விடும். பையன் என்றால் "சோடாபுட்டி" என்று தெருப் பிள்ளைகள் விரட்டுவார்கள். பெண் பிள்ளை என்றால் அப்பத்தா கழற்றிவைத்துவிடுவார், இப்போதே கண்ணாடி போட்டால் நாளைக்கு யார் கட்டிக்கொண்டு போவார்கள் என்று. உப்புக்காற்றில் ஸ்க்ரூ துருப்பிடித்து, காது கொக்கி ஒடிந்து, மாற்றக் கடை இல்லாமல் விடுபடும் கண்ணாடிகள் தனிக் கணக்கு. வருடத்துக்கு ஒரு கண்ணாடி என்ற விதியைத் தளர்த்தி, உடைந்தால் உடனே மறு கண்ணாடி தர இந்தப் பிள்ளைகளுக்கு மட்டுமாவது வழி செய்யுங்கள்.

கண்ணாடியில் முழுதாக ஏறாவிட்டால் நல்ல கண்ணுக்குப் பட்டை. நல்ல கண்ணை மூடி, மந்தக்கண்ணை வேலை வாங்குவது. முன்பெல்லாம் நாள் முழுக்கக் கட்டச் சொல்வார்கள், பிள்ளையும் தாயும் சேர்ந்து அழுவார்கள். 2003-ல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் அதை மாற்றின. மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் உள்ள பிள்ளைகளில், மிதமான குறைக்கு நாளுக்கு 2 மணி நேரம் போட்டாலும் 6 மணி நேரம் போட்டாலும் நான்கு மாதத்தில் முன்னேற்றம் ஒன்றுபோலவே இருந்தது. கடுமையான குறைக்கு 6 மணி நேரம் போட்டதும், நாள் முழுக்கப் போட்டதும் ஒன்றுபோலவே இருந்தன. இரண்டு மணி நேரம்! இதை நம் ஊர்த் தாய்மார்களுக்குச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும்.

மீதிப் பயம் வேறு இடத்தில் இருக்கிறது. பாம்பன், சின்னப்பாலம் பக்கம் அம்மா விடியலில் பாசி எடுக்கப் போய்விடுவார். அப்பா கடலில். பிள்ளை ஆச்சியிடம். நம் ஊர் வேர்வைக்கும் காற்றுக்கும் ஒட்டுப்பட்டை ஓரம் சுருண்டு கழன்றுவரும். இழுத்து எடுத்தால் கன்னத்துத் தோல் சிவந்து கிடக்கும். பிள்ளை "ஆச்சி, கண்ணு தெரியல" என்று அழும். அதற்கு உண்மையிலேயே தெரியாது, அந்தக் கண்ணில்தான் பார்வை குறைவு. எந்த ஆச்சியால் அதைத் தாங்க முடியும்? பிய்த்துப் போட்டுவிட்டு மிட்டாய் வாங்கித் தருவார். நான் அந்த ஆச்சியாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

ஆகவே பட்டை வீட்டில் மட்டும் நடக்காது, குழந்தைகள் மையத்தில் நடக்க வேண்டும். காலை பத்து மணிக்குப் பணியாளர் ஒட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு முன் எடுத்துவிடட்டும். அந்த நேரத்தில் சோழி அடுக்க, புளியங்கொட்டை எண்ண, பல்லாங்குழி ஆட விடலாம். கிட்டத்து வேலை கொடுத்தால் பார்வை கூடுதலாக ஏறும் என்பார்கள், 2008-ல் வந்த ஆய்வில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் சோழி இருந்தால் பிள்ளை பட்டையைப் பிய்க்காமல் உட்கார்ந்திருக்கும், எனக்கு அது போதும். மறு கண்ணின் பார்வை ரொம்பக் குறைவாக உள்ள பிள்ளையைப் பட்டையோடு வெளியே ஓடவிடக் கூடாது, முக்கியமாகத் தண்ணீர்க்கரைக்கு. வேர்வையில் நிற்காதவர்களுக்குக் கண்ணாடியின் மேலே மாட்டும் துணிப்பட்டை இருக்கிறது. பிள்ளை ஓரமாக எட்டிப் பார்க்கும் என்பதால் அது இரண்டாம் பட்சம்தான்.

பட்டையை ஏற்காத பிள்ளைக்கு நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விடும் முறை உண்டு. அந்தக் கண் கிட்டத்தில் மங்கி, மந்தக்கண் வேலைக்கு வரும். மிதமான குறைக்கு இது பட்டைக்குச் சமமாகப் பலன் தருகிறது என்று 2002-லும், சனி ஞாயிறு மட்டும் விட்டாலே போதுமானதாக இருக்கிறது என்று 2004-லும் ஆய்வுகள் வந்தன. நம் கடற்கரை வெயிலில் விரிந்த கண்மணிக்கு ரொம்பக் கூசும், தொப்பி இல்லாமல் விடக் கூடாது. பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டிய மருந்து அது, குடித்தால் நஞ்சு. டாக்டர் சொன்னால் தவிர யாரும் தொட வேண்டாம்.

ஓர் யோசனை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வீட்டு அப்பாக்கள் கரையில் இருக்கும் ஒரே நீண்ட காலம் அதுதான், பள்ளிக்கூடமும் விடுமுறை. டிசம்பர் கடைசியில் மழை ஓய்ந்ததும் சோதனையை முடித்து, பொங்கலுக்குள் கண்ணாடி கையில் சேர்ந்தால், தடைக்காலம் தொடங்கும்போது கண்ணாடி மட்டும் போட்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். அப்போது மறு சோதனை. இன்னும் ஏற வேண்டியிருந்தால் அந்த 61 நாளும் வீட்டில் பட்டை, அப்பாவின் பொறுப்பில். நம் மீனவ அப்பாக்கள் பிள்ளை விஷயத்தில் கெட்டிக்காரர்கள். வலை பழுது பார்க்கும்போது பக்கத்தில் உட்காரவைத்து, கண்ணி எண்ணச் சொல்லி, இரண்டு மணி நேரத்தை ஓட்டிவிடுவார்கள். தடைக்கால நிவாரணத்துக்காக மீன்வளத் துறையிடமும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடமும் குடும்பப் பட்டியல் இருக்கிறது. அதே பட்டியலை வைத்து எந்த வீட்டில் பட்டை போடும் பிள்ளை இருக்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை கிடையாது, அவர்கள் வீடுகளுக்குக் குழந்தைகள் மையம்தான் கதி. ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்த இரண்டு எண்ணும் தலைமையாசிரியர் கையில் இருக்கும். பிள்ளையை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்பதற்கும், கண்ணாடி எங்கே என்று காலையில் ஒரு வார்த்தை கேட்பதற்கும் அது உதவும். சரியான பிறகும் விட்டுவிட முடியாது. சிகிச்சையை நிறுத்திய ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய நாலில் ஒரு பிள்ளைக்குப் பார்வை மறுபடி இறங்குகிறது.

மதுரை நமக்குப் புதிதல்ல. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் மருத்துவமனைக்கு இந்தக் கடற்கரையிலிருந்து புரை நீக்கிக்கொள்ளப் போகாத வீடு குறைவு. புரைக்கு ஒருமுறை போனால் போதும். மந்தக்கண்ணுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வருடக்கணக்கில் போக வேண்டும். இராமேசுவரத்திலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம் போய், நாலு மணி நேரம் திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு. மகளிர் இலவசப் பயணம் நகரப் பேருந்துக்குத்தான். இரண்டு தடவை போவார்கள், மூன்றாம் தடவை "நல்லாத்தானே இருக்கு" என்று நின்றுவிடுவார்கள். 2022-ல் திறக்கப்பட்ட நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாளைக் குழந்தைக் கண்ணுக்கென்று ஒதுக்குங்கள். மாதம் ஒருமுறை அந்தக் குழுவே மண்டபம், தொண்டி, சாயல்குடி என்று வரட்டும். அறுவை தேவைப்படும் பிள்ளை மட்டும் மதுரை போகட்டும்.

ஊர்ப் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாறுகண் யோகம் என்கிறார்கள். யோகம் என்று சொல்லியே மூன்று வயதில் வர வேண்டிய பிள்ளையைப் பத்து வயதில் கொண்டுவருகிறார்கள். பள்ளியில் அதே பிள்ளைக்கு ஒண்ணரைக்கண் என்று பெயர். பிறந்த புதிதில் கண் அங்குமிங்கும் அலைவது சகஜம், நான்கு மாதம் தாண்டியும் திரும்பினால் காட்டியாக வேண்டும். அறுவை செய்து கண்ணை நேராக்கினால் பார்வையும் வந்துவிடும் என்பதும் தப்பு. கண் நேராகும், பார்வைக்குக் கண்ணாடியும் பட்டையும் தனியாக வேண்டும். கண்ணில் தாய்ப்பால் விடுவதும் நந்தியாவட்டைச் சாறு பிழிவதும் கிருமியைக் கொண்டுவந்து சேர்க்கும். கேரட் தின்பதால் மந்தக்கண் போகாது. செல்போன் பார்த்துத்தான் இது வந்தது என்று பிள்ளையை அடிக்கும் அப்பாக்களுக்கும் சொல்கிறேன், இது செல்போனால் வருவதில்லை. வீட்டில் அண்ணனுக்கோ அப்பாவுக்கோ மாறுகண்ணோ ஒரு கண்ணில் பவரோ இருந்தால் தம்பி தங்கைகளையும் காட்டுங்கள், குறைமாதப் பிள்ளைகளையும் காட்டுங்கள். கண்மணியின் நடுவே வெள்ளையாகத் தெரிந்தால் மட்டும் எந்தச் சோதனைக்கும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கண் டாக்டர். பிறவிப் புரையாக இருந்தால் பிறந்து சில வாரத்துக்குள் அறுவை செய்தால்தான் பார்வை தேறும், கண் புற்றாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்த வேலையெல்லாம் ஒரு கண்ணுக்காகவா, இன்னொன்றுதான் நன்றாக இருக்கிறதே என்று ஒரு அலுவலகத்தில் என்னிடம் கேட்டார்கள். நம் மாவட்டத்தில் சீமைக்கருவேல முள்ளுக்கும் தூண்டில் முள்ளுக்கும் எது நல்ல கண் என்று தெரியாது. விறகு வெட்டும்போது சில்லு தெறித்தும், தீபாவளி வெடியிலும் கண் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். போனது நல்ல கண்ணாக இருந்தால் மிச்சம் என்ன? ஒரு கண் மந்தமாக உள்ளவருக்கு வாழ்நாளில் மறு கண்ணும் கெடும் வாய்ப்பு குறைந்தது 1.2 சதவீதம் என்று இங்கிலாந்தில் 2002-ல் கணக்கிட்டார்கள். முள் காட்டிலும் கடலிலும் வேலை செய்கிறவர்களுக்கு அது குறையுமா கூடுமா என்று தாங்களே யோசிக்கலாம். வேலை விஷயம் இன்னும் நேரடியானது. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல்படை இருக்கிறது. அந்த உடுப்பைப் பார்த்து வளரும் பையன்கள் ஓடி, நீந்தி, எழுதித் தேறி, மருத்துவப் பரிசோதனைக்குப் போய் நிற்கிறார்கள். அங்கே ஒவ்வொரு கண்ணையும் தனியாக மூடிப் பார்க்கிறார்கள். தனக்கு ஒரு கண் தெரியாது என்பது அந்தப் பையனுக்கு அன்றுதான் தெரிகிறது. திருப்பாலைக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் அங்கிருந்து நேராக என்னிடம் வந்தான், "சொட்டு மருந்து ஏதாச்சும் குடுங்க, அடுத்த மாசம் மறுபடி கூப்பிடுவாங்க" என்று. அவனுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அதற்காகப் பெரிய பிள்ளைகளைக் கைகழுவச் சொல்லவில்லை. ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் சிகிச்சை தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பார்வை ஓரளவு ஏறியது என்று 2005-ல் ஓர் ஆய்வு வந்தது. பதின்மூன்றுக்கு மேல், முன்பு எந்தச் சிகிச்சையும் எடுக்காதவர்களில் சிலருக்கும் பலன் இருந்தது. ஆறாம் வகுப்புப் பரிசோதனையில் மாட்டும் பிள்ளையை "வயசு தாண்டிருச்சு" என்று திருப்பி அனுப்பாமல் ஒரு முயற்சி செய்ய வேண்டும் என்று கண் மருத்துவ உதவியாளர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள்.

உத்தரவு எழுதும்போது விடுபட்டுப்போகும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தனியார் நர்சரியில் படிக்கும் பிள்ளைகளை அரசு மருத்துவக் குழு பார்ப்பதில்லை, வசதி இருப்பதால் காட்டியிருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமின் பிள்ளைகள், வாலிநோக்கம் உப்பளத்துக்கு வேலைக்கு வந்துபோகும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆகியோரையும் பெயர் சொல்லியே உத்தரவில் சேருங்கள். செய்தி சொல்லப் பள்ளிவாசல் மைக்கும், ஞாயிறு பூசைக்குப் பிந்தின அறிவிப்பும், ஏலக்கூடத்துக் கரும்பலகையும் இருக்கின்றன. எந்த ஜமாத்தும் எந்தப் பங்கும் எந்த ஊர்த்தலைவரும் பிள்ளைகள் கண்ணுக்கு என்றால் மறுக்க மாட்டார்கள்.

சுகாதாரம், பள்ளிக் கல்வி, குழந்தைகள் மையங்கள், மீன்வளம் என்று நான்கு துறைகள் இதில் சேர வேண்டியிருக்கிறது. "உரிய துறைக்கு அனுப்பப்பட்டது" என்று எனக்குப் பதில் வந்தால் எந்தத் துறைக்கு என்று கேட்டு நான் இன்னொரு மனு எழுத வேண்டியிருக்கும். நான்கையும் ஒரே நாளில் அழைத்துப் பேசி, ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

மையப் பணியாளர்களுக்கு அரை நாள் பயிற்சி போதும். மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி, இராமநாதபுரம், ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானை ஆகிய ஆறு கடலோர ஒன்றியங்களிலும் அதைக் கொடுக்க நான் வருகிறேன். என்னைப்போல் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் உதவியாளர்களையும் கூட்டிவருகிறேன். பலகை எங்களிடம் இருக்கிறது. பஞ்சும் ஒட்டுப்பட்டையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும். சம்பளம் வேண்டாம், பஸ் செலவும் மதியச் சாப்பாடும் கொடுத்தால் போதும். நவம்பருக்குள் ஒரு தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண் மருத்துவ உதவியாளர் ஒருவர்,
மண்டபம் ஒன்றியம்.